வேன் செட்டு ரோஜாவின் முப்பத்தொரு பாட்டு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ரோஜா முப்பத்தொரு பாட்டு கட்டினாள். அதில் ஒன்று சாத்தூரிலிருந்து திருமங்கலம் வரைக்கும் கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை வந்து இறங்கும்போது ஒலித்தது. இன்னொன்று ஒரே தேர்தலில் எதிரெதிராக நின்ற இரண்டு வேட்பாளர்களின் ஆட்டோவிலும், ஆளுக்கு நாலு வார்த்தை மாற்றி, ஓடியது. விருதுநகரில் பங்குனிப் பொங்கல் சமயத்தில் நடந்த பாட்டுப் போட்டியில், நாற்பத்திரண்டு பாட்டுகளுக்குள் அவள் பாட்டுக்குத்தான் முதல் பரிசு. அந்த நாற்பத்திரண்டில் ஐந்து, தமிழ் வாத்தியார்கள் எழுதியவை. 2016-ல் அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் பக்கத்து ரூம் வெடித்தபோது, உடன் இருந்த பேச்சியம்மாளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடினாள். உயிர் மிஞ்சியது, இடது காது கேட்காமல் போயிற்று. மிச்சம் இருந்த ஒரு காதை வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு இருபத்திரண்டு பாட்டு கட்டினாள்.

இவ்வளவும் அவள் ஜெயித்தது. ஜெயிக்காதது ஒன்றே ஒன்று. அந்த முப்பத்தொரு பாட்டில் ஒன்றில்கூட அவள் பேர் இல்லை.

அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் 2008-லிருந்து தொடங்க வேண்டும். ரோஜாவின் அப்பா நாகையா, நாரணாபுரத்தில் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர். மூத்தவள் மாரித்தாய் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வெடி ஆபீசில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். அந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். 2008 ஆவணியில் மாரித்தாயை மல்லாங்கிணற்றில் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் அடுப்பு எரிய இன்னொரு ஆள் வேலைக்குப் போயாக வேண்டும். ரோஜாவுக்கு அப்போது பதினைந்து வயசு. நாகையா அவளைக் கூட்டிக்கொண்டு போய் போர்மேன் தனுஷ்கோடி முன்னால் நிறுத்தினார்.

தனுஷ்கோடி ஏற இறங்கப் பார்த்தார். "வயசு பத்தாதே நாகையா. சேத்தா எனக்கு வேலை போயிரும்."

"நீங்க மனசு வச்சா நடக்கும் அண்ணாச்சி."

"சரி, ஒண்ணு செய்வோம். மாரித்தாய் வேலையை விட்டு நின்னுட்டான்னு நான் எழுதலை. அவ பேரு அங்கனயே இருக்கட்டும். வேலையை இவ பாக்கட்டும். ஆபீசர் வந்து கேட்டா, ஏ புள்ள, உன் பேரு என்ன?"

"ரோஜா."

"மாரித்தாய்! திருப்பிச் சொல்லு."

"மாரித்தாய்."

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் சம்பள ரிஜிஸ்தரில் அவள் அக்காளின் பேரைத்தான் எழுதினாள். முதல் எழுத்தின் சுழியை அக்காள் பெரிதாகப் போடுவாள் என்பதால் இவளும் பெரிதாகப் போட்டுப் பழகினாள். பதினெட்டு வயசு ஆனதும் நாகையா மறுபடி போய் நின்றார். பி.எப். நம்பர் அந்தப் பேரில் ஓடுகிறது, ஆறு மாசம் போகட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்றார் தனுஷ்கோடி. அந்த ஆறு மாசம் முடியவே இல்லை. மாரித்தாயும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை. பேர்தானே, தங்கச்சிக்குத்தானே என்று இருந்துவிட்டாள். அவள் செய்த தப்பு அது.

ரோஜாவுக்குப் புஸ்வாண ரூம். கூம்பு கூம்பாக இருக்கும் காகிதக் கூடுகளைத் தட்டில் அடுக்கி, மருந்தை அடைத்து, அடுத்த தட்டை இழுக்க வேண்டும். ரூமுக்கு நாலு பேர். போன், பேனா, கொலுசு, ஊக்கு எதுவும் உள்ளே போகக் கூடாது. கையில் அலுமினியப் பவுடர் ஒட்டி, முழங்கை வரைக்கும் வெள்ளி பூசியது மாதிரி இருக்கும். அங்கே உட்கார்ந்துதான் அவள் பாட்டு கட்டினாள். எழுத வழியில்லாததால் தட்டைக் கணக்கு வைத்துக்கொண்டாள். ஒரு தட்டு அடைத்து முடிப்பதற்குள் ஒரு அடி முடிந்துவிட வேண்டும். எட்டாவது தட்டு முடிந்தால் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பாள். பாட்டும் அத்தோடு நிற்கும். மறுநாள் காலையில் முதல் எட்டுத் தட்டுக்கு நேற்றுக் கட்டியதையே சொல்லிப் பார்ப்பாள். மறந்துபோன அடியைத் தேட மாட்டாள். மறக்கிற மாதிரி இருந்தால் அது நல்ல அடி இல்லை என்பது அவள் கணக்கு.

அந்தப் பாட்டுகள் அழுமூஞ்சிப் பாட்டுகள் இல்லை. எல்லாம் கேலிதான். மூக்குறிஞ்சும் சூப்பர்வைசர், விசில் மட்டும் அடித்து வேகாத குக்கர், பொண்ணு பார்க்க வந்து ஏழு வடை தின்றுவிட்டு யோசித்துச் சொல்கிறோம் என்று போன மாப்பிள்ளை வீட்டார். ரூமில் மற்ற மூன்று பேரும் சிரித்து மருந்தைச் சிந்திவிட்டு போர்மேனிடம் திட்டு வாங்குவார்கள்.

2014-ல் பெண்களை ஏற்றி இறக்கும் வேனுக்குப் புது டிரைவராகச் சாத்தூர்க்காரன் காளிராஜ் வந்தான். கோயில் கொடைகளில் ஆர்கெஸ்ட்ராவுக்குக் கீபோர்டு வாசிப்பான். வந்த மூன்றாம் நாளே ஒரு பள்ளத்தில் வேனை இறக்கி, பின்சீட்டில் இருந்தவர்களைக் கூரையில் முட்ட வைத்தான். பின்னாலிருந்து ரோஜாவின் குரல் வந்தது.

"முன்சீட்டுல ராசா, பின்சீட்டுல மூட்டை,
முட்டுனது தலையின்னா ஒடஞ்சதென்ன ஓட்டை?"

வேன் முழுக்கச் சிரிப்பு. காளிராஜ் கண்ணாடியில் பார்த்தான். "யாரு அது பாடுறது?"

"உங்களைத்தான் பாடுறோம் டிரைவரண்ணே. கோவிச்சுக்கிடாதீக, பிரேக்கை மட்டும் கொஞ்சம் மெதுவா மிதிங்க" என்றாள் பேச்சியம்மாள்.

"கோவமா? அடுத்த அடியைச் சொல்லச் சொல்லுங்க. எனக்கு மெட்டு வந்திருச்சு."

அப்படித்தான் அந்த ஜோடி உண்டாயிற்று. சாயங்காலம் கடைசியாக இறங்குகிறவள் ரோஜா. எல்லோரும் இறங்கிய பிறகு ஐந்து நிமிஷம் வேனை ஓரமாக நிறுத்துவான். அவள் சொல்லச் சொல்ல, கோடு போட்ட பெரிய நோட்டில் எழுதிக்கொள்வான். அவள் தொட்டால் தாளெல்லாம் வெள்ளியாகிவிடும் என்பதால் நோட்டை அவள் கையில் வாங்கியதே இல்லை. அவள் எழுதத் தெரியாதவள் இல்லை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் முப்பத்தொரு பாட்டும் காளிராஜ் கையெழுத்தில்தான் இருக்கிறது.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். மெட்டு முழுக்க அவனுடையது. எங்கே நிறுத்தினால் சனம் கைதட்டும், எந்த வார்த்தையை மூன்று தடவை சொன்னால் பிள்ளைகள் வாயில் ஒட்டும் என்பது அவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவன் ஆம்பிளைக் கட்டைக் குரலைச் சுருக்கி, கீச்சுக் குரலில் பெண்ணாகப் பாடுவான். அதுவே பாதிச் சிரிப்பு. போட்டியில் முதல் பரிசு வாங்கியபோதும் மேடையில் ஏறியது அவன்தான். ரோஜா கூட்டத்தில் நின்று கைதட்டினாள். அன்றைக்கு அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

2017 தீபாவளிக்கு மூன்று வாரம் முந்தி 'புஸ்ஸு மாமா' பாட்டைப் படம் பிடித்தார்கள். காளிராஜ் சேலை கட்டிக்கொண்டு வேனுக்கு முன்னால் ஆடினான்.

"புதுச்சேலை கட்டி வந்தேன், ஊதுவத்தி ஏந்தி வந்தேன்,
பத்த வச்ச மாமன் மட்டும் புஸ்ஸு புஸ்ஸு புஸ்ஸு!"

யூடியூபில் போடுவதற்கு முந்தின சாயங்காலம் அவன் போனை ரோஜாவிடம் காட்டினான். "உன் பேரைத்தான் முதல்ல போட்டிருக்கேன் பாரு, தாயி. வார்த்தை ரோஜா, இசை காளிராஜ்."

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "எடுத்துருங்கண்ணே" என்றாள்.

"ஏன்?"

"வெடி ஆபீஸ் ரோஜான்னு ஊரெல்லாம் பேச ஆரம்பிச்சா, எந்த ஆபீஸ்னு ஒருத்தன் கேப்பான். உள்ள நான் மாரித்தாய். ரிஜிஸ்தரைத் தொறந்தா என் வேலையும் போகும், போர்மேன் வேலையும் போகும்."

"அப்ப மாரித்தாய்னே போட்டுருவோமா?"

"நல்லா இருக்கே! புஸ்ஸு மாமான்னு பாட்டு கட்டினது எங்க வீட்டு மருமகளான்னு மல்லாங்கிணத்துல எங்க அக்காளை வெளுத்துருவாக. வேன் செட்டுன்னு போடுங்க. ரெண்டு பேரும் அதுக்குள்ள அடங்கிருவோம்ல."

அவன் அப்படியே செய்தான். தீபாவளிக்குள் பாட்டு ஆறு லட்சம் பேரிடம் போய்விட்டது. ரோஜாவின் புருஷன் முனியராஜ் அச்சாபீசில் பேப்பர் கட்டிங் மிஷினில் இருந்தான். அங்கேயும் நாள் முழுக்க அதே பாட்டு. ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டான்: "ஏட்டி, அந்த மாமன் நான்தானா?"

"உங்களுக்கெல்லாம் பாட்டு வேறயாக்கும்? மூதேவி, சோத்தைத் தின்னுங்க."

முனியராஜ் சிரித்துக்கொண்டே அதே பாட்டை முனகினான். அந்த இரண்டு வருஷம்தான் நல்ல வருஷம். பிற்பாடு 2020 கடைசியில் ரேஷன் கடைக்கு ரேகை மெஷின் வந்தபோது, மருந்து தின்ற விரலில் ரேகை விழாது என்பதை வைத்து, 'என் ரேகை எங்க போச்சு? ராக்கெட்டோட போச்சு!' என்று கட்டினாள். அதற்கும் ஊர் சிரித்தது. ரேஷன் கடைக்காரரே அதைத் தன் போனில் ரிங்டோனாக வைத்தார். ரோஜாவுக்கு அப்போதும் அரிசி போடவில்லை.

காளிராஜ் 2019-ல் வேன் வேலையை விட்டுவிட்டு விருதுநகருக்குக் குடிபோனான். பாட்டு போனில் போக ஆரம்பித்தது. கடை விளம்பரம், திருவிழா, தேர்தல் என்று அவனைத் தேடி வந்தார்கள். அவனிடமிருந்து இவளுக்குப் போன் வருவது, பாட்டு தேவைப்படும்போது மட்டும் என்று ஆயிற்று.

2021 பொங்கலுக்கு ரோஜா மல்லாங்கிணற்றுக்கு வந்திருந்தாள். மாரித்தாயின் போனில் காளிராஜின் பேட்டி ஓடியது. அடர்ந்த மீசையும் கூலிங்கிளாசுமாக உட்கார்ந்திருந்தான். பேட்டி எடுத்த பெண் கேட்டாள்: "வேன் செட்டுன்னா எத்தனை பேர் சார்?"

காளிராஜ் சிரித்தான். "வேன்ல டிரைவர் ஒருத்தன்தானே மேடம் இருப்பான்."

சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். மாரித்தாய் போனைக் கட்டிலில் எறிந்தாள்.

"போனைப் போடுட்டி அவனுக்கு. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நான் கேக்கேன்."

"என்னன்னு கேப்ப? பேரு வேண்டாம்னு சொன்னது நானு."

"உன்னைச் சொல்ல வச்சது எம்பேரு. அதைத்தான் தூக்கிச் சுமக்கேல்ல."

ரோஜா கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். அன்றோடு காளிராஜுக்குப் பாட்டு கொடுப்பதை நிறுத்தினாள். அவன் தானாக மூன்று பாட்டு எழுதிப் பார்த்தான். அடி நீண்டுகொண்டே போகும்; மூச்சு முட்டும்; ஆடுகிறவன் பாதியில் நின்றுவிடுவான். மூன்றும் விழுந்தன. அதற்குப் பிறகு அவன் பழைய பாட்டுகளையே பாடிக்கொண்டு திரிந்தான்.

மூன்று வருஷம் கழித்து, மெட்ராஸில் ஒரு பாட்டுக் கம்பெனி 'புஸ்ஸு மாமா'வை ஒரு சினிமாவுக்குக் கேட்டது. காளிராஜுக்கு வராது வந்த வாய்ப்பு. ஆனால் யூடியூபில் அந்தப் பாட்டுக்குக் கீழே யாரோ ஒரு பெண், 'இது எங்க ரோஜாக்கா கட்டின பாட்டு, நான் அதே ரூம்ல இருந்தேன்' என்று எழுதிவைத்திருந்தாள். கம்பெனி வக்கீல் அதைப் பார்த்துவிட்டார். அந்த ரோஜாவிடம் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காளிராஜும் கம்பெனி ஆள் மணிகண்டராஜும் நாரணாபுரத்துக்குக் காரில் வந்தார்கள். விஷயம் முன்னமே தெரிந்து மாரித்தாயும் முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். மணிகண்டராஜ் மதுரைக்காரர். பேச்சு மரியாதையாக இருந்தது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "சும்மா ஒரு பார்மாலிட்டிம்மா. கீழே ஒரு கையெழுத்து."

ரோஜா வாங்கி, வாய்விட்டு வாசித்தாள். "மேற்படி பாடலின் வரிகளுக்கும் எனக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்."

தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "சம்பந்தம் இல்லாத ஆளுகிட்ட எதுக்குய்யா சம்பந்தம் இல்லைன்னு எழுதி வாங்குறீக? இந்தத் தெருவுல இன்னும் நூறு வீடு இருக்கு. அங்கெல்லாம் வாங்கியாச்சா?"

மணிகண்டராஜ் காளிராஜைப் பார்த்தார். காளிராஜ் தரையைப் பார்த்தான்.

"ரெண்டு பேரையும் போடுங்க" என்றாள் ரோஜா. "நான் ஒண்ணும் அண்ணனை எடுத்துட்டு என்னை மட்டும் போடச் சொல்லலை. வார்த்தை ரோஜா, இசை காளிராஜ். முத முதல்ல அவுக எழுதுனபடி."

"எனக்கு ஆட்சேபணை இல்லைம்மா. ஆதாரம் வேணும். நோட்டு முழுக்க அவர் கையெழுத்து. நீங்க அந்த ஆபீஸ்ல உக்காந்து பாடினதா சொல்றீங்க. நான் நேத்தே போய் விசாரிச்சுட்டேன். அந்த ரிஜிஸ்தர்ல ரோஜான்னு ஒரு ஆள் வேலையே பார்க்கலை. மாரித்தாய்னு ஒருத்தங்க இருந்திருக்காங்க."

அடுப்படி வாசலில் நின்ற மாரித்தாய் முன்னால் வந்தாள். "நான்தான் மாரித்தாய். 2008-க்கு மேல நான் அந்த வாசலை மிதிக்கலை. என் பேர்ல வேலை பார்த்தது இவ."

"அப்ப பதினைஞ்சு வருஷத்துக்கு மேல ஆள்மாறாட்டம்னு நீங்களே சொல்றீங்க. இதை நான் எங்கேயும் சொல்லப்போறதில்லை. ஆனா கேஸு கீஸுன்னு போனீங்கன்னா, முதல்ல இதுதான் வெளிய வரும்."

காளிராஜ் வாய் திறந்தான். குரல் இறங்கியிருந்தது.

"நீ போடலைன்னா எனக்கும் இல்லாமப் போகும் தாயி. நாட்டுப்புறப் பாட்டுன்னு போட்டு, ரெண்டு வார்த்தையை மாத்தி எடுத்துக்கிடுவாக. ஒருத்தராவது பேரு வாங்குவோம். உனக்கு நான் செய்ய மாட்டேனா?"

"அந்தப் பேட்டியில ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா, இன்னைக்கு இந்தத் தாளே வந்திருக்காதுண்ணே."

"தப்புதான். சபையில ஒரு சிரிப்புக்காகச் சொல்லிட்டேன்."

"நல்ல சிரிப்புதான். நானே எழுதியிருந்தாலும் அம்புட்டுச் சுருக்கா வந்திருக்காது."

ரோஜா மணிகண்டராஜிடம் பேனாவைக் கேட்டு வாங்கினாள். காளிராஜுக்கு முகம் தெளிந்தது. அவள் தாளைத் தரையில் வைத்து, அச்சடித்திருந்த வரிகளின் மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தாள். கீழே காலியாக இருந்த இடத்தில் எழுத ஆரம்பித்தாள். புஸ்ஸு மாமாவின் எட்டு அடியும், நோட்டைப் பார்க்காமல், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. அதற்குக் கீழே, 'இது நான் கட்டியது. மெட்டு காளிராஜ் அண்ணன்' என்று எழுதினாள். கையெழுத்துப் போடப் போனபோது மட்டும் தடுமாறினாள். கை பழக்கத்தில் 'மா' என்று பெரிய சுழி போட்டுவிட்டது. அதை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரை எழுதினாள்.

மணிகண்டராஜ் தாளை வாங்கிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, மடித்துப் பையில் வைக்கப் போனார். மாரித்தாய் குறுக்கே கையை நீட்டி, "நில்லுங்கய்யா" என்று தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்ட பிறகே விட்டாள். காளிராஜ் போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், "ரெண்டு பேரையும் கெடுத்துட்டே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் சொன்னபடிதான் நடந்தது. சித்திரையில் படம் வந்தது. சேலை பாவாடையாகவும், ஊதுவத்தி தீக்குச்சியாகவும் மாறியிருந்தன. எழுத்து ஓடும்போது 'நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டார்கள். காளிராஜ் இப்போது மறுபடி வேன் ஓட்டுகிறான், திருத்தங்கல் பக்கம் வேறொரு ஆபீசுக்கு. அந்த வேனில் அவன் ரேடியோகூடப் போடுவதில்லை என்று பேச்சியம்மாள் சொன்னாள்.

ரோஜா அந்த ஞாயிற்றுக்கு மறுநாளே வேலைக்குப் போனாள். கேட்டில் தனுஷ்கோடி நின்றுகொண்டிருந்தார். தலைமுடி நரைத்துப்போன மனுஷன், அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "சனிக்கிழமை ஒருத்தரு வந்து ரோஜாவை விசாரிச்சுட்டுப் போனாரு. மாரித்தாய் நின்னுட்டதா எழுதியாச்சும்மா. ரோஜான்னு இங்க யாரும் வேலை பார்க்கலையே."

அவர் சொன்னது ரிஜிஸ்தர்ப்படி சரிதான். தூக்குவாளியோடு திரும்பி நடந்து வந்தாள். சாத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசில், முப்பது வயசில், புது ஆளாகச் சேர்ந்தாள். அங்கே தட்டுக் கணக்கு வேறு. மிஷின் ஓடுகிற சத்தத்தில் ஒரு காதுக்கு ஒன்றும் பிடிபடுவதில்லை. முப்பத்திரண்டாவது பாட்டு இன்னும் வரவில்லை. வருமா என்று மாரித்தாய் ஒரு தடவை கேட்டாள். "சிரிப்பு வரணும்லக்கா மொதல்ல" என்றாள்.

மாரித்தாயின் போனில் இருக்கும் படத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. குறுக்குக் கோடு, எட்டு அடி, அடித்த 'மா', அதற்குப் பக்கத்தில் 'நா. ரோஜா'. தான் கட்டிய பாட்டுக்குக் கீழே அவள் தன் பேரை முதன்முதலாக எழுதிய தேதியையும் அவளே போட்டிருக்கிறாள்: 18.2.2024, ஞாயிற்றுக்கிழமை.